பந்தல்குடிக் கல்லும் அரியலூர்க் கல்லும்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்துப் பரளச்சியிலும் அதைச் சுற்றிய கரிசல் காட்டிலும் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் டைனோசரின் எலும்போ, கடல் நத்தையின் ஓடோ கல்லாகிக் கிடைக்கப்போவதில்லை. தேடியவர்கள் சரியாகத் தேடவில்லை என்பது இதற்குக் காரணமன்று. காரணம் பாறையின் இயல்பிலேயே இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடகிழக்கே, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் ஓடைக்கரைகளிலும் சுரங்கங்களிலும் சிப்பிகளும் சுருள்நத்தைகளும் கடல் முள்ளெலிகளும் கல்லாய்க் குவிந்து கிடக்கின்றன. வியப்பு என்னவென்றால், பரளச்சியை அடுத்த அருப்புக்கோட்டை வட்டத்துப் பந்தல்குடியில் வெட்டப்படுவதும் சுண்ணாம்புக்கல்தான், அரியலூரில் வெட்டப்படுவதும் சுண்ணாம்புக்கல்தான். இரண்டும் போய்ச் சேருவது சிமெண்ட் ஆலைக்குத்தான். இரண்டின் மீதும் நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் இரண்டும் ஒன்றுபோலவே நுரைக்கும். ஒரே வேதிப்பொருளால் ஆன இரு கற்களில் ஒன்று உயிரின் வரலாற்றை வரிவரியாக வைத்திருக்க, மற்றொன்றில் ஓர் ஓட்டின் விளிம்புகூட இல்லாமற் போனது ஏன் என்ற கேள்வி, தொல்லுயிரியலின் அடிப்படையையே விளக்கப் போதுமானது.

தொல்லுயிரியல் என்பது, மனித வரலாற்றுக்கு முந்தைய நெடுங்காலத்தில் வாழ்ந்த விலங்கு, தாவர, நுண்ணுயிர்களை, அவை பாறையில் விட்டுச் சென்ற எச்சங்களைக் கொண்டு அறியும் துறை. அந்த எச்சங்களே புதைபடிவங்கள். இத்துறையைத் தொல்லியலோடு குழப்பிக்கொள்ளும் வழக்கம் நாளிதழ்ச் செய்திகளில்கூட நீங்கவில்லை. தொல்லியல், மனிதர் செய்தவற்றையும் பயன்படுத்தியவற்றையும் ஆராய்வது. அதன் கால அளவு பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டுகள், கற்கருவிகளைச் சேர்த்தால் பல லட்சம் ஆண்டுகள். இதே மாவட்டத்தின் வெம்பக்கோட்டையில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் கிடைத்த சங்கு வளையல்களும் மணிகளும் அவ்வகையின. தென்மாவட்டங்களில் உழவின்போது வெளிப்படும் முதுமக்கள் தாழிகளும் அவற்றுள் இருக்கும் எலும்புகளும் அப்படியே; அவை எலும்பாகவே இருக்கின்றன, கல்லாகவில்லை. தொல்லுயிரியல் பேசும் காலமோ கோடிகளில் எண்ணப்படுவது.

ஓர் உயிர் இறந்தால் அது புதைபடிவமாவது விதியன்று, விலக்கு. நரி தின்றது போக, வெயிலும் மழையும் கரையானும் நுண்ணுயிரும் மிச்சத்தை அழித்துவிடும். அழிவு முந்துவதற்குள் மணலோ சேறோ அதை மூடி, மூடியது மீண்டும் கலையாமல், அடுக்கின் மேல் அடுக்கு ஏறி அழுத்திக் கல்லாக, அந்தக் கல்லும் பிற்காலத்தில் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருந்தால் மட்டுமே எச்சம் நிலைக்கும். ஆற்றிலும் ஏரியிலும் கடலிலும் படிந்து இறுகிய பாறைக்குப் படிவுப் பாறை என்று பெயர். புதைபடிவங்களின் வீடு அதுவே. அந்தப் படிவுப் பாறையோ வேறொரு பாறையோ நிலத்தடியில் ஆழ்ந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன் உருவையும் கனிமங்களையும் மாற்றிக்கொண்டால் அது உருமாறிய பாறை. பரளச்சி நிற்பது இந்த உருமாறிய பாறையின் மீது.

வெந்த நிலம்

தென் தமிழகத்தின் அடித்தளம் நைஸ் எனப்படும் வரிப்பாறையாலும் சார்னோகைட்டு எனப்படும் கருநிறக் கடும்பாறையாலும் ஆனது. புவியியலாளர்கள் மதுரைப் பாளம் என்று குறிப்பிடும் இந்த நிலத்துண்டு, கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதாவது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்ட மேலோட்டின் ஆழத்தில் அழுந்திக் கிடந்தது. அப்போது அது கண்ட வெப்பம் பல இடங்களில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியதென்பதை அப்பாறைகளில் உள்ள கனிமங்களின் சேர்க்கையே காட்டுகிறது. இன்று பரளச்சியில் காலடியில் தட்டுப்படும் பாறை, ஒரு காலத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் மேல்மண்ணையும் மேல்பாறையையும் சுமந்திருந்த அடிப்பாறை. மேலே இருந்த அனைத்தும் அரிக்கப்பட்டுப் போன பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது.

பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் அந்த வெப்பத்துக்கு முன் ஏதோ ஒரு பழங்கடலின் அடியில் படிந்த சுண்ணச் சேறாகத்தான் இருந்திருக்கும். வெப்பம் ஏறியபோது அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான கால்சைட்டுப் படிகங்களாக வளர்ந்தன. பதநீரைக் காய்ச்சிய பாகு பனங்கற்கண்டாக உறையும்போது பாகின் பழைய ஓட்டமும் சுழிப்பும் எப்படித் தடமின்றி மறைகின்றனவோ, அப்படியே அந்தச் சேற்றின் அடுக்கும் அதில் இருந்திருக்கக்கூடிய உயிர்த்தடமும் மறைந்தன. சிற்பிகள் விரும்பும் சலவைக்கல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பந்தல்குடிக் கல்லை உடைத்து வெயிலில் பிடித்தால் சர்க்கரைபோல் மின்னும் பரப்புகளைக் காணலாம். ஒவ்வொரு மின்னலும் ஒரு படிகத்தின் முகம்.

வெப்பம் மட்டுமே குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவதும் சரியாகாது. ஓடு கொண்ட விலங்குகள் கடலில் பெருகத் தொடங்கியது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியக் காலத் தொடக்கத்தில். பந்தல்குடிச் சேறு அதற்கு முன்பே படிந்துவிட்டது; அது வேகாமலே இருந்திருந்தாலும் அதில் சிப்பி இருந்திருக்க வழியில்லை. இருந்திருக்கக்கூடியவை நுண்ணுயிர்ப் பாய்கள் மட்டுமே. ஆழமற்ற நீரில் நீலப்பசும் நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து சுண்ணத்தைப் பிடித்துவைத்து உருவாக்கும் குவிமாட அடுக்குகளுக்கு ஸ்ட்ரோமட்டோலைட் என்று பெயர். ஆந்திரத்தின் கடப்பைப் படுகையில், பெரிதும் சூடாகாத பழஞ்சுண்ணப் பாறைகளில் அவை இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. உலகின் வேறு பகுதிகளில் விலங்குகள் தம் முதல் ஓடுகளைக் கட்டத் தொடங்கிய அந்தக் காலத்தையொட்டி, பரளச்சியின் பாறை உலைக்குள் இருந்தது என்பதுதான் இந்த நிலத்தின் விதி.

அப்படியும் ஒரு வகைச் சுவடு தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு. பழைய சேற்றில் கலந்திருந்த உயிர்க்கரி, கடும் வெப்பத்தில் கிராஃபைட்டாக, அதாவது பென்சிலில் எழுதும் கருமையாக மாறும். இதே மதுரைப் பாளத்தைச் சேர்ந்த சிவகங்கைப் பகுதியில் மாநில அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் எடுக்கிறது. உயிரினங்கள் உணவாக்கும்போது கரியணுக்களில் எடை குறைந்த வகையையே மிகுதியாக எடுத்துக்கொள்வதால், ஒரு கிராஃபைட்டில் அந்த இலேசான வகை கூடுதலாக இருந்தால் அது உயிரிலிருந்து வந்ததென்று கொள்ளலாம். ஆழத்திலிருந்து ஏறிவரும் வாயுக்களிலிருந்தும் கிராஃபைட் படியக்கூடும் என்பதால் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே அளந்துதான் முடிவுக்கு வரவேண்டும். உருவம் முற்றிலும் அழிந்த பின்னும் அணுக்களின் விகிதத்தில் ஓர் உயிரின் பழக்கம் தங்கியிருக்கும் என்பது, எலும்பைத் தேடிச் செல்பவர் எளிதில் தவறவிடும் செய்தி.

பாறைக்கு மேலே படர்ந்திருக்கும் கரிசல் மண்ணும் எச்சங்களுக்கு நண்பனன்று. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் நுண்களிமண்ணே கரிசல். கோடையில் அது கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேற்பரப்பில் கிடக்கும் பொருள் வெடிப்பில் விழுகிறது. மழையில் மண் மூடிக்கொள்கிறது. உப்பல் கீழிருப்பதை மேலே தள்ளுகிறது. ஆண்டுதோறும் தன்னைத் தானே உழுதுகொள்ளும் இந்த மண்ணில், ஆழத்தில் கிடப்பது பழையது என்ற விதி செல்லாது. எலும்பு அகப்பட்டாலும் இந்த நெரிசலில் நொறுங்கும். கரிசலுக்கு அடியில் கிடைக்கும் சுக்கான் கல்லோ வேறொரு மயக்கத்தைத் தரும். நிலத்தடி நீரில் கரைந்த சுண்ணம், நீர் வற்றும்போது கட்டிகளாக உறைவதே சுக்கான். வேர்களைச் சுற்றி உறைந்த சுக்கான் கல் நீண்டு, கிளைத்து, உள்ளே துளையோடு, பார்ப்பதற்கு எலும்பைப் போலவே இருக்கும். பலகைக்கல்லின் பிளவுகளில் மாங்கனீசு ஆக்சைடுகள் படிந்து வரையும் கறுப்புச் செடி உருவங்களும் அதுபோலத்தான். அவை இலையன்று, கனிமத்தின் கோலம். அருப்புக்கோட்டைச் சீமையில் புதைபடிவம் கிடைத்ததாக யாரேனும் கல்லோடு வந்தால், முதலில் இந்த இரண்டையும் ஐயுற வேண்டும்.

இந்த நிலத்தைச் சுற்றிலும் நிலை இப்படியே இல்லை. 1883ஆம் ஆண்டு, பழைய மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி இராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதிய ஆய்வேட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்டது. பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான் இவர். அவருக்குப் பின் வந்தவர்களின் ஆய்வும் சேர்ந்து காட்டும் படம் இது: பரளச்சியிலிருந்து வடக்கே சிவகங்கையை எட்டினால், உருமாறிய பாறைகளின் விளிம்பில், மேல் கோண்டுவானா அடுக்குகள் என்று சொல்லப்படும் கூழாங்கற் படிவுகளும் மணற்கல்லும் தலைகாட்டுகின்றன. பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு முன், ஈச்சை போன்ற தோற்றங்கொண்ட செடிகள் நிலத்தை ஆண்ட காலத்தவை அவை. கிழக்கே இராமநாதபுரத்தின் வண்டலுக்கு அடியிலோ, டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரிடேசியக் காலக் கடற்பாறைகள் ஆழத்தில் மறைந்திருக்கின்றன. ஓஎன்ஜிசி அங்கே எரிவாயுவுக்காகத் துளையிடும்போது மேலே வரும் கல்துகள்களில், ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒற்றைச் செல் உயிரிகளின் மணலளவு ஓடுகளைக் கொண்டுதான் அடுக்குகளின் வயது கணிக்கப்படுகிறது. அம்மாவட்டத்து வழுதூர் மின்நிலையத்தில் எரியும் வாயுவுக்கும் தொல்லுயிரியலுக்கும் உள்ள இந்த உறவு, இத்துறையை வெறும் ஆர்வலர் பொழுதுபோக்காக எண்ணுவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

கடல் ஏறிய சீமை

அரியலூரின் கதை, பரளச்சிப் பாறை குளிர்ந்து மேலேறிப் பல கோடி ஆண்டுகள் கழிந்த பிறகே தொடங்குகிறது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரியத் தொடங்கியபோது, தமிழகத்தின் கிழக்கு விளிம்பு பிளவுபட்டு இறங்கிக் காவிரிப் படுகை உருவானது. 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அதில் கடல் ஏறியது. இடையிடையே பின்வாங்கினாலும் டைனோசர் யுகம் முடியும் வரை, அதற்குச் சற்றுப் பின்னும், அது அங்கே இருந்தது. மேற்கே நின்ற நைஸ், சார்னோகைட்டு மேட்டுநிலம் அரிபட்டு, மணலையும் களியையும் அந்தக் கடலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. எச்சமற்ற பாறைகள் தேய்ந்து தந்த மண்ணே எச்சங்களை மூடிய போர்வையாயிற்று.

1840களில் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் ஆகிய இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் இலண்டனில் ஆராய்ந்து, 1846இல் அவை கிரிடேசியக் காலத்தவை என்று நிறுவினார். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்டு நிலத்தை அளந்து, 1862இல் வெளியான தம் ஆய்வேட்டில் அந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். தமிழகத்தின் மூன்று ஊர்ப்பெயர்கள் இவ்வாறு உலக நிலவியல் நூல்களில் ஏறின. ஆனால் அரியலூரை உலகறியச் செய்த பெரும் உழைப்பு மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்காவுடையது. தென்னிந்தியக் கிரிடேசிய உயிரினங்கள் பற்றிய பெருந்தொகுதிகளை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் அவர் வெளியிட்டார். யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874இல், 36 வயதில் லடாக்கில் உயர்மலை நோயால் இறந்தார். லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அரியலூரில் ஒரு சிப்பிக்குப் பெயர் தேடுபவர் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் முடியாது.

அந்த உயிர்களுள் தமிழருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒன்றுண்டு. வைணவ இல்லங்களில் வழிபடப்படும் சாளக்கிராமங்களில் காணும் சக்கரச் சுருள், அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் ஓட்டுத் தடமே. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அவை ஜுராசிக் காலத்தவை. காரை, ஊட்டத்தூர்ப் பகுதிகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் அதே இனக்குடும்பத்தின் பிற்காலத் தலைமுறைகள். ஓட்டின் மடிப்பு வரிகள் விரைந்து மாறிக்கொண்டே வந்ததால், ஓர் அம்மோனைட்டைக் கண்டால் அந்த அடுக்கின் காலத்தை மிக நுட்பமாகக் கணித்துவிடலாம். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டைகள் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியபோது, அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் திரண்ட உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்க வேண்டியிருந்தது. முட்டை கிடைக்காததில் பலருக்கு ஏமாற்றம். அம்மோனைட்டு கிடைத்ததில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லாமற் போனதுதான் வருத்தத்துக்குரியது.

டைனோசர்களும் இல்லாமலில்லை. அரியலூரை அடுத்த கல்லமேட்டில், கிரிடேசியத்தின் கடைசிக் கட்டத்தில் ஆறுகள் கொட்டிய மணற்கல்லில், பெரும் எலும்புகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980களின் இறுதியில் புருஹத்காயோசாரஸ் என்னும் பெயரை வெளியிட்டனர். ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள முழங்கால் கீழெலும்பு என்று விவரிக்கப்பட்ட எச்சம் சரியானால், உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்க வேண்டும். ஆனால் உதிரும் தன்மை கொண்ட அந்த எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை விவரிப்பும் வரைபடங்களும் மங்கிய சில நிழற்படங்களும் மட்டுமே. அளவைப் பற்றிய விவாதம் ஓயாததற்குக் காரணம், திரும்ப அளக்க எலும்பு இல்லாததே. அதே இருவர் 1979இல் பெயரிட்ட திராவிடோசாரஸ், முதுகில் தகடுகள் கொண்ட டைனோசரா, நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவா என்ற வழக்கும் தீரவில்லை.

இந்தப் பெரும் எலும்புகளுக்கு மாறாக, அதே கல்லமேட்டில் மண்ணைச் சலித்து எடுத்த ஒரு சிறு பல், 2013இல் ஆராய்ச்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. அது டிரூடான்டிடு என்னும் சிறிய ஊனுண்ணி டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்ததென்று கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் அறிவித்தனர். அந்தக் குடும்பம் அதுவரை வட அமெரிக்கா, ஆசியா போன்ற வடகண்டங்களுக்கே உரியதென்று கருதப்பட்டு வந்தது. கடல் நடுவே தனித்து மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் அது எப்படி வந்தது என்ற கேள்வியை அந்தப் பல் எழுப்பியது. பறைசாற்றப்பட்ட பேருருவைவிடப் பாதுகாக்கப்பட்ட பல்லே அறிவியலுக்குப் பயன்பட்டது.

விலங்குகளோடு மரங்களும் கல்லாகியுள்ளன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளிப்படுத்தினார்; அது இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்கள் அதனினும் மிக இளையவை, வெள்ளம் அடித்துவந்து சேர்த்தவை.

உலையின் வாய்

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி, கல்லங்குறிச்சியைச் சுற்றி, உள்ளங்கை அளவுள்ள தடித்த சிப்பிகளால் ஆனது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் கூட்டங்கூட்டமாக வாழ்ந்த அவற்றின் ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து பாறையாயின. அதற்கு மேல், நின்னியூர் அடுக்குகளில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்த பேரழிவுக்குப் பிந்தைய கடல் பதிவாகியிருக்கிறது. அந்த எல்லையின் இருபுறத்துக் கடற்பாறைகளையும் சில மணி நேரப் பயணத்தில் பார்த்துவிடக்கூடிய சீமைகள் இந்தியாவில் அரிது.

டால்மியாபுரத்தில் 1939இல் தொடங்கிய சிமெண்ட் தொழில் அரியலூரின் பல சுரங்கங்களாக விரிந்தது. சிமெண்ட் இல்லாமல் வீடும் பாலமும் இல்லை. சுரங்கம் இல்லாமல் பல அடுக்குகள் ஆய்வாளர் கண்ணுக்கே வந்திருக்கமாட்டா என்பதும் உண்மை. சுரங்கம் பகையன்று, பார்க்க ஆளில்லாத சுரங்கமே இழப்பு. சிமெண்ட் உலையின் வெப்பம் ஏறத்தாழ 1450 டிகிரி. பரளச்சியின் ஆழத்தில் இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்துச் செய்ததை, அரியலூரில் உலை ஒரு நாளுக்குள் செய்து முடிக்கிறது. முன்னதைத் தடுக்க யாராலும் இயன்றிருக்காது. பின்னதில், கல் உலைக்குப் போகுமுன் ஒரு முறை பார்த்துப் பதிவுசெய்வது முழுக்க முழுக்க மனிதர் கையில் இருக்கிறது.

சட்டம் இங்கே பின்தங்கியே இருக்கிறது. பழஞ்சிலையைக் கடத்தினால் தண்டிக்கும் சட்டம் உண்டு. புதைபடிவத்துக்கென்று புவிப் பாரம்பரியத் தலங்கள், புவி எச்சங்கள் பற்றிய மசோதாவின் வரைவை ஒன்றிய அரசின் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில்தான் கருத்துக்கு வைத்தது. அரியலூர் அருகே வாரணவாசியில் மாநில அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். அது சுரங்கங்களிலிருந்து நாள்தோறும் வெளிவருவதைத் தெரிவு செய்து வாங்கும் நிலையமாகவும் வளர வேண்டும். அதற்குச் சுரங்க உரிமத்திலேயே, வெட்டும் முகப்பைத் தொல்லுயிரியலாளர் குறிப்பிட்ட இடைவெளியில் பார்வையிட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும். கேட்கப்படுவது சில மணி நேரமும் ஒரு வண்டியும்தான்.

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. பந்தல்குடிக் கல் ஒன்றையும் சிப்பி தெரியும் அரியலூர்க் கல் ஒன்றையும் வகுப்பறையில் அருகருகே வைத்து, இரண்டிலும் நீர்த்த அமிலத்தைச் சொட்டிக் காட்டி, ஒன்றில் ஏன் உயிர்த்தடம் உண்டு, மற்றொன்றில் ஏன் இல்லை என்று மாணவரையே சொல்லவைக்கலாம். ஐயத்துக்குரிய கல் எங்கேனும் தென்பட்டால், அதை உடைக்காமலும் கழுவாமலும், கிடந்த இடத்தையும் அடுக்கையும் படமெடுத்துக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ, சென்னை கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத புதைபடிவத்தை வைத்து எந்த ஆய்வாளரும் அதன் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.